நல்லாத்தான் இருந்தான்

மனு போட்டாச்சாம்மா? ஆதார் ஜெராக்ஸ் கேட்டிருப்பாங்களே, குடுத்துட்டீங்களா? அப்போ இனி கூப்பிடுத வரைக்கும் உக்காந்திருக்க வேண்டியதுதான். இப்படி வந்து உக்காருங்க, அந்தப் பக்கம் வெயில் ஏறும். முதல் தடவை வாரீங்க போல. பையை மடியில கட்டிப் பிடிச்சிருக்கதைப் பாத்தாலே தெரியுது. கீழ வைங்க, ஒண்ணும் ஆகாது.

யாரு, மகனா? சரி. சரிம்மா, அழாதீங்க. நான் என்ன ஏதுன்னு கேக்க மாட்டேன். இங்கன யாரும் யாரையும் கேக்கது கிடையாது. வேணும்னா என் கதையைச் சொல்லுதேன், நேரம் போகும். எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல. உலகம்மாள்னு பேரு. தென்காசிக்கு அங்கிட்டு எங்க ஊரு. உள்ள இருக்கது என் தம்பி, நம்பிராஜன். கொலைக் கேஸு. ஆயுள் தண்டனை. தள்ளி உக்காராதீங்க, நீங்க நினைக்குத மாதிரி ஆளு இல்ல அவன். எறும்பு ஊருத பாதையில தண்ணி ஊத்த மாட்டான். எல்லாம் இந்தச் சட்டம் பண்ணுன கூத்து. இந்தச் சட்டத்தை மாத்தணும்மா. நாலு பேரு சேந்து கேட்டா மாத்தத்தானே வேணும்.

என் தம்பிக்கு எங்க பேரூராட்சியில தண்ணி தெறந்து விடுத வேலை. ஊருக்கு மேக்க ஒரு பெரிய டேங்க் இருக்கு. மோட்டார் போட்டு அதை நிரப்பணும், பிளீச்சிங் பவுடர் கலக்கணும், ஒவ்வொரு தெருவுக்கா போய் வால்வைத் தெறக்கணும், மூடணும். வால்வுச் சாவின்னா வீட்டுச் சாவி மாதிரி இல்ல. இடுப்பு உசரத்துக்கு இரும்புக் கம்பி, மேல குறுக்க ஒரு பிடி இருக்கும். அதைத் தோள்ல வச்சுக்கிட்டு சைக்கிள்ல அவன் வந்தாலே பொம்பளைக குடத்தைத் தூக்கிருவாங்க. ஒருநாள் பிந்துனது கிடையாது. தெருவுல சின்னப் பிள்ளைக எல்லாம் அவனைத் தண்ணி மாமான்னுதான் கூப்பிடும்.

கல்யாணம் ஆகல. எங்க அம்மா போனதுல இருந்து என் வீட்டு மச்சுலதான் இருந்தான். அம்மா போன வருஷம் அவனுக்குக் கொஞ்சம் சரியில்லாமப் போச்சு. சரியில்லைன்னா பெருசா ஒண்ணுமில்ல. தூங்க மாட்டான். டேங்குக்குள்ள இருந்து யாரோ பேரைச் சொல்லிக் கூப்பிடுதாங்கம்பான். துக்கம்தானே, யாருக்கும் வரத்தானே செய்யும். எங்க வீட்ல அவுக, என் வீட்டுக்காரர், வெளியூர்ல ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாக. உள்ளூர்ல காட்ட முடியுமா? அங்கன போயும் நம்பிராஜன்னு பேர் குடுக்கல. குமார்னு குடுத்தோம். வீட்ல வயசுக்கு வந்த பொம்பளப் பிள்ளை இருக்கு, நாளைக்கு எவனாவது விசாரிச்சு வந்தா? யாரு வீட்லயும் இப்படித்தாம்மா செய்வாங்க. மாத்திரை குடுத்தாரு. ரெண்டு மூணு மாசத்துல ஆளு தெளிஞ்சிட்டான். சிரிச்சான், சாப்பிட்டான், பழையபடி வேலைக்குப் போனான். ஆனா மாத்திரையை நிப்பாட்டக் கூடாதுன்னு சொல்லிட்டாரு அந்த டாக்டர். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க.

வருஷக்கணக்கா போட்டான். அப்புறம் என் மக பகவதிக்கு ஒரு இடம் வந்துச்சு. நல்ல இடம். மாப்பிள்ளைக்குப் பேங்க்ல வேலை. பாளையங்கோட்டையில சொந்த வீடு. நிச்சயத்துக்கு அவங்க ஆளுக வந்து ரெண்டு நாள் தங்குதாங்க. இந்தப் பய மாத்திரை போட்டா கை நடுங்கும். காபி டம்ளரைக் குடுத்தா பாதி தரையில. வாயோரம் எச்சி வேற நிக்கும். சம்பந்தியம்மா பாத்தா என்ன நினைப்பா? அதனால கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்போம்னு நான்தான் சொன்னேன். டாக்டர்கிட்டக் கேட்டீங்களான்னு பின்னால வக்கீல் கேட்டாரு. கேட்டா நிப்பாட்டாதேன்னுதான் சொல்லுவாரு, அப்புறம் எதுக்குக் கேக்கணும்? நிப்பாட்டுனதும் கை நடுக்கம் நின்னுது. நிச்சயத்துல வேட்டி சட்டையோட என்ன அழகா நின்னான் தெரியுமா. சம்பந்தியம்மாவே கேட்டா, இவருக்கு ஏன் இன்னும் பொண்ணு பாக்கலன்னு.

கல்யாண வேலை தலைக்கு மேல. நான் மண்டபம் பாக்கவா, பாத்திரம் பாக்கவா, இவன் சாப்பிட்டானா தூங்குனானான்னு பாக்கவா? சாப்பாடு டேங்குக்குக் குடுத்து விட்டா மோந்து பாத்துட்டுத் திருப்பி அனுப்பிருவான். இளநியும் கடலை மிட்டாயும்தான் தின்னான். குழாய்த் தண்ணியைக் குடிக்கவே மாட்டேன்னுட்டான். கேட்டா, “எக்கா, பிளீச்சிங் வாசம் இப்படி இருக்காது, இதுல வேற என்னமோ கலக்காங்க”ம்பான். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, கொதிக்க வச்சுக் குடிங்கன்னு சொல்லிட்டுப் போவான். நல்லதுதானே? சுகாதாரத் துறைக்காரனும் அதைத்தானே சொல்லுதான். வேலையில அக்கறைன்னு நினைச்சேன்.

டேங்குக்குப் பக்கத்து வீடு சங்கரலிங்கம் சாரு. போஸ்ட் மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவருக்குச் சர்க்கரை, அதனால தினமும் டேங்கைச் சுத்திச் சுத்தி நடப்பாரு. என் தம்பி மேல அவருக்குப் பிரியம். பேப்பர் படிச்சு முடிச்சதும் இவன்கிட்டக் குடுப்பாரு. ஒருநாள் அவரு எங்க வீட்டுக்கு வந்தாரு. உக்காரச் சொன்னேன், உக்காரல. நின்னபடிக்கே சொன்னாரு: “உலகம்மா, உன் தம்பி ஒரு மாதிரி இருக்கான். நான் நடக்கும்போது பின்னாலயே வாரான். என் பையில என்ன இருக்குன்னு கேக்கான். யாராவது நல்ல டாக்டர்கிட்டக் காட்டும்மா.”

எனக்கு எப்படி இருந்திருக்கும்? கல்யாணப் பத்திரிகை அடிச்சு அடுக்கி வச்சிருக்கேன். இவரு நடுவீட்ல நின்னுக்கிட்டு இப்படிப் பேசுதாரு. அவனுக்கு ஒண்ணுமில்ல சார், நீங்க உங்க சோலியைப் பாருங்கன்னு சொல்லிட்டேன். பாவம், போயிட்டாரு. சாயங்காலம் நம்பி வந்ததும் அவன்கிட்டயும் எச்சரிக்கையாச் சொன்னேன். அந்தாளு உன்னைப் பத்தி வீடு தேடி வந்து என்னென்னமோ பேசுதாரு, அவர்கிட்டக் கொஞ்சம் சூதானமா இருந்துக்கோன்னு. தம்பின்னா சொல்லத்தானே செய்யணும்.  அவன் தலையை ஆட்டுனான்.

அப்புறம் பங்குனியில ஒருநாள் காலையில அது நடந்து போச்சு. சங்கரலிங்கம் சாரு வழக்கம் போல நடந்திருக்காரு. டேங்கு ஏணிகிட்ட நின்னு செருப்புல ஏறுன முள்ளை எடுத்திருக்காரு. இவன் வால்வுச் சாவியால தலையில அடிச்சிட்டான். ஒரே அடின்னு சொன்னாங்க. அந்த இடத்துலயே முடிஞ்சிருச்சு.

அதுக்குப் பிறகு அவன் என்ன செஞ்சான்னு கேளுங்க. அதுலதாம்மா எல்லாமே கெட்டுப் போச்சு. சாவியைக் குழாயடியில கழுவுனான். சைக்கிள்ல போய் மேலத் தெரு வால்வைத் தெறந்தான், கீழத் தெருவுக்குத் தெறந்தான். எல்லாத் தெருவுக்கும் தண்ணி விட்டுட்டு, மூடிட்டு, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நின்னான். “ஒரு ஆளை அடிச்சிட்டேன் சார், இனி தண்ணிக்குப் பயமில்ல” அப்படின்னான்.

வீட்டுக்கு ஆள் வந்து சொன்னாங்க. முதல்ல நினைச்சது பகவதி கல்யாணத்தைத்தான். பொய் சொல்லல, உள்ளதைச் சொல்லுதேன். சம்பந்தி வீட்டுக்கு நாங்க ரெண்டு பேருமா போனோம். நிச்சயம் முறிஞ்சு போச்சுன்னே நினைச்சுப் போனோம். சம்பந்தி, அந்தப் பெரிய மனுஷன், என்ன சொன்னாரு தெரியுமா? “கோபத்துல கை நீட்டிட்டான். எந்த வீட்லயும் நடக்கக் கூடியதுதான். அதுக்குப் பிள்ளை என்ன செய்வா? ஆனா ஒண்ணு மட்டும் மறைக்காமச் சொல்லிருங்க. கோட்டி, கீட்டின்னு உங்க ரத்தத்துல ஏதும் உண்டா?” எங்க பக்கம் பைத்தியத்தைக் கோட்டின்னுதான் சொல்லுவோம். எங்க வீட்ல அவுக என்னைப் பாத்தாக. நான் சொன்னேன், எங்க வம்சத்துலயே அப்படி ஒண்ணு கிடையாதுன்னு. வேற என்னம்மா சொல்ல முடியும்? கல்யாணம் கோயில்ல வச்சு சுருக்கமா நடந்துச்சு.

எங்க வக்கீல் தேவசகாயம். தங்கமான மனுஷன், ஆனா ஒரே பிடிவாதம். இவனைப் போய் ஜெயில்ல பாத்துட்டு வந்த அன்னைக்கே சொல்லிட்டாரு, இது கொலை இல்லம்மா, நோயின்னு. சட்டத்துல இடம் இருக்காம். புத்தி சுவாதீனம் இல்லாதவன் செஞ்சா அது குற்றமே இல்லையாம். நானும் சந்தோஷப்பட்டேன். அப்போ விட்டுருவாங்களான்னு கேட்டேன். அப்படி இல்லையாம். அதுல ஒரு கேள்வி இருக்காம். அந்த நேரத்துல, அடிச்சான் பாருங்க அந்த நேரத்துல, என்ன செய்யுதோம், அது தப்புன்னு அவனுக்குத் தெரியுமா தெரியாதா? அது ஒண்ணுதானாம் கேள்வி. தெரியும்னா ஜெயிலு. தெரியாதுன்னா ஆஸ்பத்திரி. அதையும் நம்மதான் நிரூபிக்கணுமாம். நோயாளி பக்கம் இருக்கவங்களே சாட்சி சொல்லணுமாம். வெள்ளக்காரன் காலத்துல எழுதி வச்சது, இன்னும் அப்படியே கிடக்குன்னாரு.

அந்த நேரத்துல அவன் மண்டைக்குள்ள எவன் இருந்தான், சொல்லுங்க. நான் சமையக்கட்டுல இருந்தேன். வக்கீலு வீட்ல தூங்கியிருப்பாரு. ஜட்ஜு எந்த ஊர்லயோ. கோர்ட்டு ஒரு டாக்டர்கிட்ட அனுப்புச்சு, அதுவும் ரொம்ப நாள் கழிச்சு. அவரு என்ன எழுதுனாரு? இப்ப இவருக்குச் சரியில்லை, ஆனா கேக்கதுக்கெல்லாம் பதில் சொல்லுதாரு, கேஸ் நடத்தலாம். அன்னைக்கு எப்படி இருந்தாருன்னு என்னால சொல்ல முடியாதுன்னுட்டாரு. பின்ன யாரு சொல்லுவா? சாமியா வந்து சொல்லும்? இதைத்தாம்மா நான் மாத்தணும்ங்கேன். அந்த நேரம், அந்த நேரம்னு ஒரு நிமிஷத்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளோட ஆயுசைத் தீர்மானிக்காங்க.

வெளியூர் டாக்டர் இருக்காரே, அவரை வரச் சொல்லுவோம்னாரு வக்கீல்.  பேர் மாத்திக் குடுத்த விஷயத்தை எங்க வீட்ல அவுகதான் உளறிட்டாக. தேவசகாயம் கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாரு. குமாருங்கிற ஆளுக்குக் குடுத்த மாத்திரையை வச்சு நம்பிராஜனுக்கு எப்படிம்மா சாட்சி கட்டுததுன்னு கேட்டாரு. அப்பவும் விடல. நீங்க கூண்டுல ஏறி நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, மாத்திரை நிப்பாட்டுனது வரைக்கும் சொல்லுங்க, போதும், மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்னாரு.

கேஸு வர வருஷமாச்சு. அதுக்குள்ள பகவதிக்குப் பேறுகாலம் நெருங்கிருச்சு. எனக்கு முன்னாடி கூண்டுல ஏறுனது சங்கரலிங்கம் சாரோட வீட்டம்மா, ராஜேஸ்வரி. போலீஸ் பக்கத்துச் சாட்சி. அவ என்னத்தைச் சொன்னாங்கீங்க? “அந்தத் தம்பிக்குச் சொகமில்லைன்னு எங்க வீட்ல அவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அவங்க அக்கா வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வந்தாங்க. அந்தத் தம்பி பகையில செய்யல. எனக்கு அது தெரியும்” அப்படின்னா. சபை நடுவுல. தாலியைப் பறிகுடுத்தவ, ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லாம நின்னு, என் தம்பியைக் கோட்டிக்காரன்னு சொல்லிட்டா. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் கொலை செஞ்சான்னு சொல்லட்டும், அது நடந்தது. கோட்டின்னு சொல்ல இவ யாரு?

அப்புறம் என்னைக் கூப்பிட்டாங்க. ஏறி நிக்கேன். எதுத்தாப்புல பெஞ்சுல சம்பந்தி, மாப்பிள்ளை. பக்கத்துல என் மக, நிறைமாசம், வயித்துல கையை வச்சுக்கிட்டு. வரவேண்டாம்னு சொல்லியும் வந்திருந்தாங்க. தேவசகாயம் எந்திரிச்சு, சம்பவத்துக்கு முந்தி உங்க தம்பி எப்படி இருந்தாருன்னு கேட்டாரு.

நல்லாத்தான் இருந்தான்னேன்.

திரும்பக் கேட்டாரு. சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படின்னு. நான் என் தம்பியைப் பத்திப் பெருமையாத்தான் சொன்னேன். பொறுப்பான பையன், ஒருநாள் வேலைக்குப் பிந்துனது இல்ல, சுத்தம்னா சுத்தம், எதைத் தொட்டாலும் கழுவித்தான் வைப்பான், யார் வம்புக்கும் போக மாட்டான். நல்ல பையன்னு தெரிஞ்சா ஜட்ஜுக்கு மனசு இரங்கும்லா? தேவசகாயம் உக்காந்துட்டாரு. அப்புறம் சர்க்கார் வக்கீலு எந்திரிச்சான். வயசுப் பையன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

“உங்க தம்பி பைத்தியக்காரராம்மா?”

இப்படியா கேப்பாங்க? சட்டத்துல வேற வார்த்தையே இல்லையா? சொகமில்லையா, மனசு சரியில்லையான்னு கேட்டிருந்தா நானும் யோசிச்சிருப்பேன். என் மக என்னையே பாக்கா. சம்பந்தி பாக்காரு. நான் “இல்ல”ன்னேன். அவ்வளவுதான், போகலாம்னுட்டான். கேக்குதவன் மேல தப்பா, பதில் சொல்லுதவ மேல தப்பா?

கடைசியில ஜட்ஜையா நம்பியையே கேட்டாரு, நீ என்ன சொல்லுதேன்னு. மெலிஞ்சு போய், தாடியோட நின்னான். அடிச்சது நான்தான்னான். கொலை செஞ்சா தண்டனைன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் செஞ்சேன், ஊர்ல சின்னப் பிள்ளைக நெறைய இருக்குன்னான். அப்போ ஜட்ஜையா தண்ணி குடிக்க டம்ளரை எடுத்தாரு. இவன் கூண்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, “அதைக் குடிக்காதீங்கய்யா”ன்னு கெஞ்சுனான். சிலபேர் சிரிச்சாங்க. ஜட்ஜு சிரிக்கல. டம்ளரைக் கீழ வச்சிட்டாரு. பாவம், அவருக்கும் மனசுல என்னமோ பட்டிருக்கும் போல. ஆனா தீர்ப்புல எழுதுனது வேற. சாவியைக் கழுவுனான், ஒழுங்காத் தண்ணி தெறந்து விட்டான், தானே ஸ்டேஷனுக்குப் போனான், தப்புன்னு தெரியும்னு அவனே சொல்லுதான். கூடப் பிறந்த அக்காவே புத்தி சரியாத்தான் இருந்துச்சுன்னு சொல்லியிருக்கா. அதனால சட்டப்படி வேற வழியில்லை, ஆயுள் தண்டனை. வக்கீலு படிச்சுச் சொன்னாரு. நான் நல்லதுக்குச் சொன்னதையெல்லாம் எடுத்து அவனுக்கு எதிரா அடுக்கி வச்சிருக்காங்கம்மா. ஒண்ணைக்கூட விடல.

புதுச் சட்டம் வந்துருச்சுன்னு டிவியில சொன்னப்போ, சமையலைப் போட்டது போட்டபடி விட்டுட்டு பஸ் ஏறி தேவசகாயம் ஆபீஸுக்குப் போனேன். பழைய சட்டமெல்லாம் போச்சாமே, இனி விட்டுருவாங்களான்னு கேட்டேன். அவரு புதுப் புஸ்தகத்தை எடுத்துக் காட்டுனாரு. எண்பத்து நாலாம் பிரிவுன்னு இருந்தது இருபத்திரண்டுன்னு ஆகியிருக்காம். உள்ள அதே வாசகமாம். நம்பரை மட்டும் மாத்தியிருக்கான். இதுக்கு ஒரு பார்லிமெண்டு. இதை மாத்தச் சொல்லிப் படிச்சவங்க எத்தனையோ பேரு எழுதிக்கிட்டுத்தான் இருக்காங்கன்னாரு. தப்புன்னு தெரிஞ்சும் செய்ய வைக்குத நோய் உண்டு, அதைச் சட்டம் ஒத்துக்கிடணும்னு பேசிக்கிட்டுத்தான் இருக்காங்களாம். நல்லாப் பேசட்டும். பேசிக்கிட்டே இருக்கட்டும்.

அப்புறம் மெதுவா சொன்னாரு: “சட்டம் மாறுதப்போ மாறட்டும்மா. இருக்குற சட்டத்துக்கே நம்மகிட்டச் சாட்சி இல்லாமப் போச்சு. ஹைகோர்ட்டுல அப்பீல் கிடக்கு. அந்த ராஜேஸ்வரியம்மா எழுதித் தர இப்பவும் தயாரா இருக்காங்க. நீங்களும் உண்மையை ஒரு பத்திரத்துல எழுதிக் குடுங்க. அன்னைக்குப் பயந்து சொல்லலைன்னு சொல்லுங்க. கோர்ட்டு ஏத்துக்கிடும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனா கேக்கவாவது செய்யலாம்.”

பாருங்க, எங்க சுத்துனாலும் கடைசியில என் தலையிலதான் வந்து விடியுது. நான் கோர்ட்டுல பொய் சொன்னேன்னு நானே எழுதிக் குடுக்கணுமாம். பேத்தி பிறந்து, இப்ப பள்ளிக்கூடம் போகுது. நாளைக்கு அதுக்கு ஒரு இடம் வரும்போது எவனாவது அந்தப் பத்திரத்தைத் தோண்டி எடுத்தா? அந்த ராஜேஸ்வரிதான் எழுதித் தாராளே, அது போதாதான்னு கேட்டேன்.  யோசிச்சுச் சொல்லுதேன்னு வந்துட்டேன். யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்கு மட்டும் தம்பி மேல பாசம் இல்லையா? மாசம் தவறாம பஸ் மாறி பஸ் ஏறி வாரது யாரு? அவன் சாப்பிடுத கடலை மிட்டாயை உள்ள விட மாட்டாங்கன்னு தெரிஞ்சும் வாங்கிட்டு வாரது யாரு?

இங்கன வந்த பிறகு ஜெயில் டாக்டரு ஒழுங்கா மாத்திரை குடுத்துட்டாரு. அதுவும் ஒரு கொடுமைதான். ஆளு நல்லாத் தெளிஞ்சிட்டான். முகம் பழையபடி ஆயிருச்சு. ஆனா தெளிஞ்சதும் என்ன செஞ்சோம்னு தெரிஞ்சு போச்சுல்லா. ஒரு தடவை கம்பி வலைக்கு அங்கிட்டு வந்து உக்காந்தவன், சங்கரலிங்கம் சார் வீட்டம்மா எப்படி இருக்காங்க, கண்ணு ஆபரேஷன் பண்ணணும்னு சார் சொல்லிக்கிட்டு இருந்தாரே, பண்ணியாச்சான்னு கேக்கான். எனக்கு என்ன தெரியும்? அவகூட நான் பேசுதது இல்ல.

போன கார்த்திகையில வந்தப்போதான் அதைக் கேட்டான். இங்கன எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்கம்மா, ஒண்ணும் கேக்காது. வலையில மூஞ்சியை ஒட்ட வச்சுக்கிட்டுப் பேசணும். அவன் வழக்கமா சத்தமா பேசவே மாட்டான். அன்னைக்கு எல்லாரையும் மீறிச் சத்தமாக் கேட்டான்.

“எக்கா, அந்த நாள்ல நான் எப்படி இருந்தேன்? எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. சாரு நல்லவர்னு இப்பத் தெரியுது. அப்ப ஏன் தெரியல? நான் கூட இருந்தது உன்கூடத்தான். உனக்குத்தான் தெரியும். என் புத்தி அப்ப சரியா இருந்துச்சா, இல்லையா? நீ சொன்னா நான் நம்புவேன்.”

என்ன கேள்வி பாருங்க. ஜட்ஜு கேட்டதையே இவனும் கேக்கான். பஸ்ல வந்த களைப்பு, பக்கத்துல யாரோ ஒரு பொம்பள நாங்க பேசுததையே கேட்டுக்கிட்டு நிக்கா. அதுவும் போக, உள்ள கிடக்குறவன்கிட்டப் போய், ஆமாடா, நீ அப்பக் கோட்டிக்காரனாத்தான் இருந்தேன்னு எந்த அக்காவாவது சொல்லுவாளா? வாய் வருமா? மனசு உடைஞ்சிராதா?

அதனால ஆறுதலாத்தான் சொன்னேன். “ஏல, உனக்கு என்ன குறை? நீ நல்லாத்தான் இருந்தே. உன் புத்திக்கு ஒண்ணுமில்ல”ன்னேன்.

அவன் என்னைப் பாத்தான்.  “அப்போ நல்ல புத்தியோடதான் செஞ்சிருக்கேன்” அப்படின்னான்.  வலையில இருந்து விரலை எடுத்துட்டு, தலையைக் குனிஞ்சு அழுதான். எங்க அம்மா செத்தப்போ கூட அப்படி அழல. நேரம் இருக்கும்போதே எந்திரிச்சு உள்ள போயிட்டான். நான் நம்பி, நம்பின்னு கூப்பிடுதேன், திரும்பியே பாக்கல.

அதுல இருந்து வாரதே இல்லம்மா. மாசாமாசம் வாரேன், மனு போடுதேன், அவன் வரமாட்டேன்னு சொல்லி அனுப்பிருதான். அப்பீலையும் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கானாம், தேவசகாயம் போன்ல சொன்னாரு. எனக்கு இந்தத் தண்டனை சரிதான்னு எழுதியிருக்கானாம். எனக்கு ஒண்ணும் விளங்கல. மாத்திரையை மாத்திட்டாங்களான்னு அந்த டாக்டரைப் பாத்துக் கேக்கணும். இல்ல உள்ள யாரும் அவன் மனசைக் கலைக்காங்களோ என்னவோ.

அந்தா, போலீஸ்காரர் வாராரு. கையை அசைக்காரு பாருங்க. இன்னைக்கும் இல்லையாம்.

நான் என்னம்மா தப்பாச் சொல்லிட்டேன்? அவன் மனசு நோகக் கூடாதுன்னுதானே சொன்னேன். நீங்களும் பிள்ளை பெத்தவங்க. நீ நல்லாத்தான் இருந்தேன்னு ஒருத்தன்கிட்டச் சொன்னா, அதுக்குப் போய் அவன் ஏம்மா அப்படி அழணும்?